நிலக்கரிக்கு ஒரு காடு, கணக்குக்கு ஒரு காடு

சத்தீஸ்கரின் வடக்கே, சால் மரங்கள் அடர்ந்த ஹஸ்தேவ் காட்டில் இன்னொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு இடம் கொடுக்கலாம் என்று அம்மாநில வனத்துறை 2025-ல் பரிந்துரைத்தது. கேதே விரிவாக்கம் எனப்படும் அந்தத் திட்டம் கேட்பது சுமார் 1,742 ஹெக்டேர் வனநிலம். யானைகள் என்ன ஆகும், ஊர்கள் என்ன ஆகும் என்று கேட்டால் அரசுத் தரப்பில் எப்போதும் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கிறது: இழக்கும் காட்டுக்கு ஈடாக வேறு இடத்தில் காடு வளர்க்கப்படும். இந்தப் பதிலைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் நம் நாட்டில் சுரங்கங்கள் காட்டுக்குள் நுழைகின்றன. அந்தப் பதில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துவிட வேண்டிய நேரம் இது.

உலகம் முழுக்க இப்போது பேசப்படும் ஏற்பாடுதான் இது. ஓர் இடத்தில் உயிரினங்களுக்கு ஏற்படும் இழப்பை இன்னோர் இடத்தில் அதே அளவு நன்மை செய்து நேர்செய்வது. ஆனால் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சேதத்தைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாததைக் குறைக்க வேண்டும். வேலை முடிந்ததும் தோண்டிய நிலத்தைச் சீர்செய்ய வேண்டும். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற சேதத்துக்குத்தான் ஈடு. நடைமுறையில் முதல் மூன்று படிகளையும் தாண்டிக் குதித்து, நேரே நான்காவது படிக்குப் போய்விடுகிறார்கள்.

கோப்பில் தேறும் கணக்கு

1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வனநிலத்தை வேறு பயனுக்கு எடுத்தால் அதே பரப்புக்கு வனமல்லாத நிலத்தைக் கொடுத்து அதில் மரம் வளர்க்க வேண்டும். நிலம் கிடைக்காத சில நேர்வுகளில், சீரழிந்த வனநிலத்தில் இரு மடங்கு பரப்பில் நடலாம். இதைத் தவிர, காடு தரும் பயன்களுக்கு ஈடாக ஹெக்டேருக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். காட்டின் அடர்த்தியையும் வகையையும் பொறுத்து 2022 முதல் அது ஏறத்தாழ 9.57 லட்சம் ரூபாயிலிருந்து 15.95 லட்சம் ரூபாய் வரை.

இந்தப் பணமெல்லாம் 'காம்பா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிதியில் சேருகிறது. பல ஆண்டுகள் செலவழிக்கப்படாமலே குவிந்து கிடந்தது. 2016-ல் தனிச் சட்டம் வந்து, 2019-ல் ஏறக்குறைய 47,000 கோடி ரூபாய் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஆகவே இங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் நிலத்துக்கு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013-ல் அளித்த அறிக்கை இதை வெளிச்சம்போட்டுக் காட்டியது. 2006 முதல் 2012 வரை ஈடாக வந்திருக்க வேண்டிய வனமல்லாத நிலம் சுமார் 1,03,000 ஹெக்டேர். வந்து சேர்ந்தது 28,086 ஹெக்டேர், அதாவது 27 சதவீதம். அதிலும் மரம் வளர்க்கப்பட்டது 7,280 ஹெக்டேரில். வர வேண்டிய நிலத்தில் 7 சதவீதம். வெட்டு மட்டும் முழுதாக நடந்து முடிந்திருந்தது.

அதன் பிறகாவது திருந்தினோமா? உத்தராகண்டின் 2019-22 காலத்து வரவு செலவைத் தணிக்கை செய்தபோது, இந்த நிதியிலிருந்து ஐபோன், மடிக்கணினி, குளிர்பதனப் பெட்டி வாங்கியதும் கட்டடங்களைப் புதுப்பித்ததும் தெரியவந்தன. நட்ட கன்றுகளில் பிழைத்தவை மூன்றில் ஒரு பங்குதான். ஐபோன் செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. கன்றுகள் செத்த செய்திக்கு அந்த மவுசு இல்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய ஊழல்.

நட்டால் காடாகுமா?

சரி, நேர்மையாகவே நடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹஸ்தேவில் வெட்டப்படும் காட்டின் முதுகெலும்பு சால் மரம். அதன் விதை உதிர்ந்து ஒரு வாரத்துக்குள் முளைக்கும் திறனை இழக்கத் தொடங்கிவிடும். முளைத்த கன்றும் ஆண்டுதோறும் மேலே பட்டுப்போய், கீழே வேரை மட்டும் தடிக்க வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகே நிமிர்ந்து எழும். நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் நட்டு, அடுத்த ஆண்டு புகைப்படம் எடுத்து அனுப்பும் அரசு நடைமுறைக்கு இந்த மரம் ஒத்துவராது. அதனால் சீக்கிரம் வளரும் தேக்கும் தைலமரமும் கருவேல இனங்களும் நடவுப் பட்டியலில் இடம்பிடிக்கின்றன.

இதன் விளைவு என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. நீலகிரி மலைப் புல்வெளிகளை வெற்று நிலம் என்று எண்ணி, காடு வளர்ப்பு என்ற பெயரில் சீகையையும் தைலமரத்தையும் நட்டோம். வரையாடு மேய்ந்த புல்வெளி சுருங்கியது. இப்போது அதே மரங்களைப் பிடுங்கப் பணம் செலவழிக்கிறோம். அன்று நட்டவர்களின் பதிவேட்டில் அது பசுமைப் பரப்பின் அதிகரிப்பு.

ஈட்டுக் காடு எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் சட்டம் தாராளமாக இருக்கிறது. காடு அதிகமுள்ள மாநிலத்தில் வெட்டிவிட்டு, காடு குறைவான மாநிலத்தில் நடலாம் என்று 2022-ஆம் ஆண்டு விதிகள் அனுமதித்தன. பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகத்துக்கும் நகரத்துக்கும் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு போகிறது. அதற்கு ஈடாக மரம் நடக் குறித்த இடம் ஹரியானா. கலாத்தியா கடற்கரையில் முட்டையிட வரும் பேராமைக்கும், மணல்மேட்டில் முட்டையைப் புதைத்து வைக்கும் நிக்கோபார் மேடைக்கோழிக்கும் ஹரியானாவின் மரங்களால் என்ன ஆகப்போகிறது? அது சுரங்கமல்ல, துறைமுகத் திட்டம்தான். ஆனால் ஒரே விதியின் இரு விளைச்சல்கள் இவை.

யானை எங்கே போகும்?

ஹஸ்தேவுக்கு வருவோம். 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே இதைச் சுரங்கம் நுழையக் கூடாத பகுதிகளில் சேர்த்திருந்தது. 2011-ல் அங்குள்ள பார்சா கிழக்கு - கேதே பாசன் சுரங்கத்தை நிராகரிக்கும்படி அமைச்சகத்தின் வன ஆலோசனைக் குழு சொன்னது. அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை மீறி அனுமதி கொடுத்தார். ராஜஸ்தான் அரசின் மின் நிறுவனத்துக்குச் சொந்தமான சுரங்கம். தோண்டி எடுத்துக் கொடுப்பது அதானி குழுமம். 2014-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்து, உயிரினங்கள் பற்றி ஆய்வு வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் வேலையைத் தொடர அனுமதித்தது. ஆய்வு வந்து சேர்ந்தது 2021-ல். அதற்குள் முதல் கட்டச் சுரங்கம் பெருமளவு தோண்டப்பட்டிருந்தது.

இந்திய வனஉயிர் நிறுவனம் அந்த ஆய்வில் சொன்னது, ஈடு பற்றிய பேச்சின் வேரையே அசைக்கிறது. இந்தியாவின் யானைகளில் 3 சதவீதத்துக்கும் குறைவானவையே சத்தீஸ்கரில் உள்ளன. ஆனால் யானை - மனித மோதலில் நாட்டில் நிகழும் மனித உயிரிழப்பில் 15 சதவீதத்துக்கு மேல் அங்கேதான். ஏற்கெனவே நடக்கும் சுரங்கத்தைத் தவிர மீதிக் காட்டைத் தொடவே கூடாது என்று அது பரிந்துரைத்தது. தொட்டால் மோதல் கட்டுக்கடங்காமல் போய்விடும் என்றும் எச்சரித்தது.

இந்த யானைகள் வந்த கதையும் கவனிக்க வேண்டியது. பல பத்தாண்டுகள் யானையே இல்லாதிருந்த இப்பகுதிக்கு, 1980-களின் பிற்பகுதியிலிருந்து இன்றைய ஜார்க்கண்ட், ஒடிசா பக்கமிருந்து கூட்டங்கள் வரத் தொடங்கின. அங்கே காடுகள் துண்டுபட்டதும் சுரங்கங்கள் பெருகியதும் முக்கியக் காரணங்கள். அதாவது, ஒரு மாநிலத்தின் சுரங்கத்துக்கான ஈட்டை இன்னொரு மாநிலத்து விவசாயி தன் நெல்வயலாலும் சில சமயம் உயிராலும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இந்த இழப்பு எந்தச் சுரங்க நிறுவனத்தின் கணக்கிலும் ஏறவில்லை.

மனிதர்களின் பிழைப்பும் அப்படித்தான். அப்பகுதி மக்களின் ஆண்டு வருமானத்தில் 60 முதல் 70 சதவீதம் காட்டிலிருந்து வருகிறது என்கிறது அதே ஆய்வு. இலுப்பைப் பூ, பீடி இலை, சாரைப்பருப்பு, விறகு, காளான். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த தேக்குத் தோட்டத்தில் இதில் எதைப் பொறுக்க முடியும்? காட்பர்ரா என்ற ஊருக்கு 2013-ல் கொடுத்த சமூக வன உரிமையை, சுரங்கத்துக்கு இடையூறாக இருக்கிறது என்று 2016-ல் மாவட்ட நிர்வாகம் ரத்தே செய்தது. 2021-ல் ஹஸ்தேவ் மக்கள் ராய்ப்பூருக்கு 300 கிலோமீட்டர் நடந்துபோய் முறையிட்டார்கள். 2022 ஜூலையில் சத்தீஸ்கர் சட்டமன்றம் அங்குள்ள நிலக்கரி ஒதுக்கீடுகளை ரத்து செய்யும்படி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2023-ல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில், நடக்கும் சுரங்கத்தில் உள்ள 35 கோடி டன் நிலக்கரியே சம்பந்தப்பட்ட மின் நிலையங்களுக்கு இன்னும் 20 ஆண்டுக்குப் போதும், புதிய சுரங்கம் தேவையில்லை என்று சொன்னது. தவிர்ப்பது என்ற முதல் படியிலேயே தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஆட்சி மாறியது, பரிந்துரையும் மாறியது.

நமக்கும் பங்கு உண்டு

இதையெல்லாம் தொலைதூரத்து விவகாரமாக நினைக்க வேண்டாம். தூத்துக்குடியில் என்.எல்.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து நடத்தும் அனல்மின் நிலையத்துக்கு ஒடிசாவின் தாலபிரா சுரங்கத்திலிருந்து நிலக்கரி வருகிறது. 1,038 ஹெக்டேர் வனநிலம் அதற்காகக் கொடுக்கப்பட்டது. 2019 டிசம்பரில் அங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டபோது, காலங்காலமாக அந்தக் காட்டைக் காவல் காத்துவந்த கிராமத்தினர் தடுக்க முயன்று தோற்றார்கள். மதுரை மாவட்டம் அரிட்டாப்பட்டியை டங்ஸ்டன் சுரங்கத்திலிருந்து காக்க நாம் கொதித்தோம், சரிதான். அதே கொதிப்பு தாலபிராவுக்கு எழவில்லை.

கனிமமே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. மின்சார வாகனத்துக்கு நிக்கல் வேண்டும், காற்றாலைக்கு அரிய மண் தனிமங்கள் வேண்டும். எனவே ஈடு என்ற ஏற்பாட்டை முற்றாகத் தூக்கி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒழுங்காகச் செய்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க வெளிநாட்டு அனுபவங்கள் இரண்டு உதவும்.

மடகாஸ்கர், கினி

மடகாஸ்கரின் கிழக்கே மழைக்காட்டுக்குள் அம்பட்டோவி நிக்கல் சுரங்கம் இருக்கிறது. இந்திரி உள்ளிட்ட அரிய லெமூர்கள் வாழும் பகுதி. சுரங்கம் அழித்தது சுமார் 2,064 ஹெக்டேர். நிறுவனம் மரம் நட்டு ஈடுகட்டவில்லை. அழிந்துகொண்டிருந்த வேறு நான்கு காட்டுப் பகுதிகளைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்றது. 2022-ல் வெளியான சுதந்திர ஆய்வொன்று, 2020 ஜனவரிக்குள் அப்படித் தடுக்கப்பட்ட காட்டழிவு சுமார் 1,644 ஹெக்டேர் என்றும், 2021 முடிவுக்குள் கணக்கு நேராகிவிடும் வாய்ப்பு இருப்பதாகவும் மதிப்பிட்டது. இந்தத் துறையில் இது அபூர்வமான வெற்றி.

ஆனால் வெற்றியையும் உரசிப் பார்க்க வேண்டும். வீட்டின் ஓர் அறையை இடித்துவிட்டு, விழவிருந்த இன்னோர் அறைக்கு முட்டுக்கொடுத்தால், வீட்டில் ஓர் அறை குறைந்தது குறைந்ததுதான். எப்படியும் அழியவிருந்த காட்டைக் காத்தோம் என்ற அனுமானத்தின்மேல் நிற்கும் கணக்கு இது. காட்டை எரித்துத் திருத்தி நெல் விதைக்கும் ஏழைக் குடும்பங்கள் அதை நிறுத்தியதால்தான் காடு பிழைத்தது. அவர்களுக்குக் கிடைத்த உதவி இழப்புக்கு ஈடாகவில்லை என்றும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நிக்கலின் லாபம் ஒருவருக்கு, காட்டைக் காத்த செலவு இன்னொருவருக்கு.

மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் நடப்பது இன்னொரு வகைப் பாடம். அலுமினியத்துக்கான பாக்சைட்டை அங்கே தோண்டுகிறார்கள். அழிவின் விளிம்பில் உள்ள மேற்கத்திய சிம்பன்சிகள் மிக அதிகமாக வாழும் நாடும் அதுவே. இரண்டு பாக்சைட் நிறுவனங்கள் தங்கள் சுரங்கப் பகுதியில் சிம்பன்சிகளுக்கு நேரும் இழப்புக்கு ஈடாகப் பணம் கொடுக்க, மோயென் - பாஃபிங் தேசியப் பூங்கா 2021-ல் முறைப்படி உருவானது. சுமார் 6,700 சதுர கிலோமீட்டர், நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சிம்பன்சிகள். நல்ல ஏற்பாடுதானே? ஆனால் அந்தப் பூங்காவுக்குள்ளேயே கூகூதாம்பா என்ற பெரிய நீர்மின் அணைக்கு அதே அரசு திட்டம் வைத்திருக்கிறது. ஒரு கையால் ஈடு வாங்கிய இடத்தை இன்னொரு கையால் விற்க முடிந்தால், முதல் ஒப்பந்தத்துக்கு என்ன பொருள்?

ஆனாலும் கினி, மடகாஸ்கர் இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே இழப்பையும் ஈட்டையும் அளந்தது ஒரே அலகில்: சிம்பன்சிக்குச் சிம்பன்சி, மழைக்காட்டுக்கு மழைக்காடு. நாம் யானையை இழந்து கன்றுகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியவை

முதல் வேலை, ஈடே கிடையாது என்று சொல்ல வேண்டிய இடங்களைச் சட்டத்தில் எழுதிவைப்பது. அமைச்சகக் கோப்பில் இருந்தால் போதாது. 2009-ஆம் ஆண்டுப் பட்டியல் இரண்டே ஆண்டில் காற்றில் போனது. யானை வழித்தடங்கள், வேறெங்கும் இல்லாத உயிரினங்களின் வாழிடங்கள், உயிர்ப்பன்மைய மரபுத் தலங்கள் ஆகியவை அந்தப் பட்டியலில் வர வேண்டும். அரிட்டாப்பட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் உயிர்ப்பன்மைய மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அதை உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. மக்கள் தெருவில் இறங்கி, சட்டமன்றம் தீர்மானம் போட்டு, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒவ்வொரு ஊரும் இப்படித் தெருவில் இறங்கித்தான் தன் மலையைக் காக்க வேண்டும் என்றால் அறிவிப்பு எதற்கு? ஏல வரைபடம் தயாரிக்கும்போதே இத்தகைய இடங்கள் நீக்கப்பட வேண்டும். ஜார்க்கண்டின் சாரண்டா காட்டைச் சரணாலயமாக அறிவிக்கும்படி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பது இந்தத் திசையில் ஒரு நல்ல அடி.

அடுத்தது, வரிசையைத் தலைகீழாக மாற்றுவது. இப்போது வெட்டு முதலில், ஈடு பிறகு. ஈட்டு நிலம் வந்து, வேலி போட்டு, குறைந்தது ஐந்து ஆண்டு பராமரித்து, அதன் நிலையைச் சுரங்கத்தோடு தொடர்பில்லாத நிபுணர் குழு சான்றளித்த பிறகே முதல் மரத்தில் கோடரி விழ வேண்டும். சுரங்க நிறுவனங்கள் தாமதம் என்று முறையிடும். ஒரு சுரங்கத்தைத் திட்டமிட்டுத் தோண்டத் தொடங்கவே பல ஆண்டு ஆகிறது. அந்தக் காலத்திலேயே இதையும் செய்யலாம்.

புதிதாக நடுவதைவிட, அதே காட்டுத் தொடரில் சிதைந்த பகுதிகளை மீட்பதற்கும் துண்டுபட்ட வழித்தடங்களை நிலம் வாங்கி இணைப்பதற்கும் நிதியில் பெரும்பங்கு போக வேண்டும். யானை இழக்கும் இடத்துக்கு ஈடு, அந்த யானைக்கூட்டம் நடந்து போகும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் நட அனுமதிக்கும் விதியை நீக்குவதே நல்லது.

ஒப்புதல் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். மத்திய அரசு இறுதி அனுமதி கொடுத்த பிறகு வன உரிமைகளை மாநில அரசு பார்த்துக்கொள்ளும் என்று 2022 விதிகள் மாற்றிவைத்தன. எல்லாம் முடிந்த பிறகு கேட்பதற்குப் பெயர் ஒப்புதல் அல்ல. சுரங்கம் வரும் ஊரின் கிராம சபையோடு, ஈட்டுத் தோட்டம் போடப்படும் ஊரின் கிராம சபையும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். மேய்ச்சல் நிலமும் பழங்குடிகளின் சாகுபடி நிலமும் சீரழிந்த காடு என்று முத்திரை குத்தப்பட்டு வேலிக்குள் போவது இப்போது அடிக்கடி நடக்கிறது. மத்திய அரசு முக்கியக் கனிமங்கள் என்று வகைப்படுத்தியவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து 2025 செப்டம்பரில் கொடுக்கப்பட்ட விலக்கும் திரும்பப் பெறப்பட வேண்டும். டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஈட்டுக் காட்டின் எல்லை, எந்தத் திட்டத்துக்கு ஈடு, நட்ட இனங்கள், பிழைத்த சதவீதம், ஆண்டுவாரிப் படங்கள் ஆகியவை மாநில மொழியில் இணையத்தில் இருக்க வேண்டும். தாலபிராவுக்கு ஈடாக நட்ட காடு இன்று எப்படி இருக்கிறது என்பதைத் தூத்துக்குடி மின் நிலையத்தின் ஆண்டறிக்கையில் வெளியிடும்படி தமிழ்நாடு மின்வாரியம் பங்குதாரர் என்ற முறையில் கேட்கலாம். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

கடைசியாக, யானை மிதித்த வயலுக்கும் இடித்த வீட்டுக்கும் இறந்த உயிருக்கும் இழப்பீட்டை இப்போது மாநில அரசு பொதுப் பணத்திலிருந்து கொடுக்கிறது. வனநிலத்தில் சுரங்கம் நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும், எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சிறு தொகையைத் தனி நிதியில் கட்ட வேண்டும். சுரங்கம் மூடிய பிறகும் பல பத்தாண்டுகளுக்கு அந்த நிதி செயல்பட வேண்டும். ஏனென்றால் வழி தவறிய யானைக்கூட்டம் அடுத்த தலைமுறையிலும் அதே வயல்களுக்குத்தான் வரும். அந்தத் தொகையை எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் பொறுப்பைக் கிராம சபையிடமே விட்டுவிடலாம்.